தேசம்மா நடத்திய கடைசிக் கூட்டம்

1

செபாஸ்டின் பிஸ்கட் டின்னைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டான். மூடியைச் சுற்றி நான் ஒட்டிய காகித நாடாகூடக் கிழியவில்லை. அதைச் சமையலறை மேசைமேல் வைத்துவிட்டு, மழையில் நனைந்த கோட்டைக் கழற்றாமல் நின்றான்.

செபாஸ்டின் என் மனைவி பிலோமினாவின் தம்பி. சரக்குக் கப்பலில் வேலை. அவனுடைய கப்பல் ஊர் ஊராகச் சுற்றி லிவர்பூலுக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டுவிட்டுப் போவான். திரும்பும்போது அவன் கையில் ஒரு டின் கொடுத்தனுப்புவது என் வழக்கம். நான் வேலை செய்யும் பிஸ்கட் தொழிற்சாலையில் உடைந்துபோனவற்றைத் தொழிலாளர்களுக்கு மலிவாகத் தருவார்கள். அதைத்தான் நிரப்பி அனுப்புவேன். எண்ணூர் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பம். அங்கே பெண்கள் சங்கம் வைத்து ஒரு பால்வாடி நடத்தினார்கள். அந்தப் பிள்ளைகளுக்காக அனுப்பும் டின் அது. சங்கத்தின் தலைவி தேசம்மா.

குப்பத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. பெண்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்று படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

"இன்னாடா, போக முடியலியா?" என்றேன்.

"போனேன் மாமு. பால்வாடி இல்ல. சங்கமும் இல்ல. அந்தம்மா தேசம்மாவும் இல்ல."

"இல்லன்னா?"

"ஊர வுட்டே பூட்டாங்க. முனிம்மான்னு ஒர்த்தி இருந்தா. அவதான் டின்ன வாங்கினா. ரொம்ப நேரம் மடியில வெச்சிகினு குந்தியிருந்தா. அப்பால என் கையிலயே குடுத்துட்டா. 'இத்த துன்ற புள்ள இப்ப எங்க வூட்ல இல்ல நைனா'ன்னா."

பிலோமினா அப்போதுதான் நர்ஸ் வேலை முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். தொப்பியை எடுத்த கை அப்படியே நின்றது. முனியம்மா சொன்னது தன் கடைசிப் பெண் குழந்தையைத்தான். பிலோமினா அதைத் தூக்கியதில்லை. நாங்கள் புறப்பட்டு வந்த பிறகு பிறந்த குழந்தை அது. ஆனால் முனியம்மாவை அவளுக்குத் தெரியும்.

2

என் வேலை என்னவென்று ராயபுரத்தில் என் அப்பாவுக்கே கடைசிவரை விளங்கவில்லை. அவர் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டியவர். என்னையும் அங்கேயே சரக்குக் கணக்கு எழுதச் சேர்த்துவிட்டார். நான் அதை விட்டுவிட்டு, ஒரு பாதிரியார் நடத்திய சமூக சேவை நிலையத்தில் போய்ச் சேர்ந்தேன். அவர்கள் என்னைப் பெங்களூருக்கு அனுப்பிச் சில மாதம் பயிற்சி கொடுத்தார்கள். திரும்பி வந்ததும் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உள்ள சின்னச் சின்னச் சங்கங்களை என்னிடம் ஒப்படைத்தார்கள். குப்பத்துப் பெண்கள் சங்கம், திருவொற்றியூர் ஆலைத் தொழிலாளிகளின் மனைவிமார் சங்கம், வியாசர்பாடியில் கூலிக்காரர்கள் கூடிய இரவுப் பள்ளி மன்றம் என்று பல.

சங்கம் ஆரம்பிப்பது எளிது. ஆரம்பித்த சூட்டில் எல்லோரும் வருவார்கள். பிறகு தலைவர் மட்டும் பேசுவார், மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள். அல்லது இரண்டு பேர் சண்டை போட்டு இரண்டு சங்கம் ஆகும். அல்லது ஏதாவது ஒரு கட்சிக்காரர் வந்து கொடியை நட்டுவிட்டுப் போவார். இது எதுவும் நடக்காமல், அந்தச் சங்கம் தன் காலிலேயே நிற்கப் பழக்குவதுதான் என் வேலை. பழக்குவது என்றால் பிரசங்கம் இல்லை. கூட்டத்தில் நானும் ஒரு ஓரமாக உட்காருவேன். ஒரு கேள்வி கேட்பேன். பிறகு வாயை மூடிக்கொள்வேன். யாரும் பேசாமல் நேரம் போகும். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் இதுவரை பேசாத ஒருத்தி வாயைத் திறப்பாள். அந்த ஒருத்திக்காகத்தான் நான் போவது.

"இதுக்காடா சம்பளம் குடுக்கறான்? சொம்மா குந்திகினு இருக்கறதுக்கா?" என்பார் அப்பா.

கூட்டம் முடிந்த பிறகுதான் என் வேலையின் மறுபாதி. தலைவராக இருப்பவரோடு கொஞ்ச தூரம் நடப்பேன். இன்றைக்கு யார் பேசவில்லை, ஏன் பேசவில்லை என்று கேட்பேன். நான் எதுவும் சொல்ல மாட்டேன், கேட்பதோடு சரி.

தேசம்மாவுக்கு இது ஆரம்பத்தில் கொஞ்சமும் பிடிக்கவில்லை. என்னைவிட வயதில் மூத்தவள். புருஷன் கடலோடு போனவன், பிள்ளை இல்லை. குப்பத்தில் அவள் குரல் எழும்பினால் கட்டுமரத்தில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். எல்லா முடிவையும் அவளே எடுத்துவிட்டு, "இன்னாங்கடி, சரிதான?" என்று கேட்பாள். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். முதல் நாள் எண்ணூர் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது நான் கேட்ட கேள்விக்கு வெடித்தாள்.

"இன்னா சாரு நீ? கேட்டுகினே வர. ஒண்ணியாச்சும் சொல்றியா? நாலு எழுத்து பட்சவன் நீ. இன்னா செய்யணும்னு சொன்னா செஞ்சிட்டுப் போறோம்."

"நான் சொன்னா அது என் சங்கம் ஆயிடும்மா" என்றேன்.

அடுத்த கூட்டத்தில் அவள் பெரிய வெற்றிலைச் சுருளை வாயில் அடக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கேள்வியைக் கேட்டுவிட்டு மென்றுகொண்டே இருந்தாள். முடிந்ததும் என்னிடம் வந்து மணலில் துப்பிவிட்டுச் சொன்னாள்: "வாயில வெத்தல கீதுன்னா பேச வராது சாரு. இன்னிக்கி முனிம்மா பேசினா பாத்தியா? கல்யாணம் கட்டிகினு வந்ததுல இருந்து அவ குரல நா கேட்டதே இல்ல."

முனியம்மா பேசியது பிள்ளைகளைப் பற்றி. மீன் கூடையை பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். விடிகாலை ரயிலைப் பிடித்துத் திருவொற்றியூர்ச் சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள் உச்சிவேளை ஆகிவிடும். அதுவரை பிள்ளைகள் முகத்துவாரத்துத் தண்ணீரோரம் திரியும். "கூடைய எறக்கற வரைக்கும் வயித்துல நெருப்ப கட்டிகினு கீறேன்" என்றாள். அந்த ஒரு பேச்சிலிருந்துதான் பால்வாடி பிறந்தது. மூங்கிலும் ஓலையும் அவர்களே கொண்டுவந்தார்கள். ஒருத்தி சந்தைக்குப் போகாமல் பிள்ளைகளைப் பார்ப்பாள், மற்றவர்கள் அவளுக்கும் சேர்த்து விற்றுத் தருவார்கள் என்று அவர்களே முறை வைத்துக்கொண்டார்கள்.

அறுபதுகளின் கடைசியில் வெளிநாட்டு உதவி நின்று எங்கள் நிலையத்தை மூடினார்கள். அதே சமயத்தில் பிலோமினாவுக்கு இங்கே நர்ஸ் வேலை வந்தது. குழந்தை ஜெசிந்தாவையும் தூக்கிக்கொண்டு கப்பலேறினோம்.

3

இங்கே வேலை தேடிப் போன அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் கேட்டார், ஊரில் என்ன தொழில் என்று. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: "மனிதர்களைப் பேச வைப்பேன்."

அவர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "போலீஸா?"

இல்லை என்று விளக்க முயன்றேன். அவர்களோடு உட்காருவேன், கேள்வி கேட்பேன், அமைதியாக இருப்பேன் என்றேன். சொல்லச் சொல்ல அது போலீஸ் வேலை போலவேதான் எனக்கும் கேட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் பொறுமையான மனிதர், கெட்டவர் இல்லை. கடைசியில் 'தொழில் பயிற்சி இல்லாதவர்' என்று எழுதிக்கொண்டு பிஸ்கட் தொழிற்சாலைக்கு அனுப்பினார்.

அங்கே பெல்ட் ஓடும் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். இந்த ஊர்க்காரர்களின் உதட்டைப் படிக்க எனக்கு இன்னும் வரவில்லை. தலையாட்டுவேன். வருஷக்கணக்கில் தலையாட்டியிருக்கிறேன்.

ஜெசிந்தா பள்ளியில் சேர்ந்த புதிதில் அவளுடைய ஆசிரியை எங்களை அழைத்தார். குழந்தை பின்தங்கிவிடும், வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். நாங்களும் கீழ்ப்படிந்தோம். பிலோமினாவுக்கு ஆஸ்பத்திரி ஆங்கிலம் கை கொடுத்தது. எனக்குக் கை கொடுக்க எதுவும் இல்லை. சாப்பிடு, கதவைச் சாத்து, ஜாக்கிரதை என்ற மூன்று நான்கு வார்த்தைகளுக்குள் நானும் என் மகளும் குடித்தனம் நடத்தினோம். ராயபுரத்தில் 'இன்னா நைனா' என்று என் மூக்கைப் பிடித்து இழுத்தவள், இப்போது தோழிகளை வீட்டுக்கு அழைத்து வந்தால் நான் எழுந்து பின்கட்டுக்குப் போகும்வரை வாசலிலேயே நிற்கிறாள். அவள் போகச் சொல்வதில்லை. நானாகப் போய்விடுவேன்.

4

சோறு ஆறிக்கொண்டிருந்தது. முனியம்மா தன்னிடம் சொன்னதைச் செபாஸ்டின் முன்னும் பின்னுமாகச் சொன்னான். நான் வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

குப்பத்துக்குப் பின்னால் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலைக்கு லாரிப் பாதை தேவைப்பட்டது. பால்வாடிக் கொட்டகை நின்றது புறம்போக்கு நிலத்தில். தொழிற்சாலை அதிகாரி ஒருவர் வந்து தன்மையாகவே பேசினாராம். கொட்டகையை விட்டுக் கொடுங்கள், காம்பவுண்டுக்குள் ஓடு வேய்ந்த அறை தருகிறோம், ஆயா, பால், மருந்து எல்லாம் எங்கள் செலவு. ஆனால் எங்களிடம் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளை மட்டும்தான் சேர்ப்போம் என்றார். அதற்குள் குப்பத்தில் பாதி வீட்டு ஆண்கள் அங்கே வேலைக்குப் போயிருந்தார்கள். முனியம்மாவின் புருஷனும் அதில் ஒருவன்.

தேசம்மா கூட்டம் போட்டாள். நான் இல்லாமல், என் போல யாரும் இல்லாமல், அவளே நடத்திய பெரிய கூட்டம். வெற்றிலையைப் போட்டுக்கொண்டு கேட்டாளாம்: "உள்ள போவலாமா, வாணாமா?"

கம்பெனி வீட்டுப் பெண்கள் போகலாம் என்றார்கள். மற்றவர்கள் அழுதார்கள், திட்டினார்கள். பிறகு எல்லோரும் ஓய்ந்துபோய் உட்கார்ந்திருந்தபோது முனியம்மா எழுந்தாள். அவள் பிள்ளைக்கு உள்ளே இடம் நிச்சயம்.

"எம் புள்ள உள்ள பால் குடிக்கும், தோ, இவ புள்ள வேலிய புட்சிகினு பாத்துகினு நிக்குமா? அல்லாப் புள்ளையும் போவணும். இல்லாங்காட்டி ஒரு புள்ளையும் வாணாம்."

கூட்டமே அவள் பக்கம் திரும்பிவிட்டது. ஒருத்தி விடாமல் எல்லோரும் கை தூக்கினார்கள். தேசம்மா மறுநாள் போய் அதை அதிகாரியிடம் சொன்னாள்.

இதைச் செபாஸ்டின் சொன்ன இடத்தில் நான் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துக்கொண்டேன். இப்படி ஒரு கூட்டத்தை நான் பக்கத்தில் இருந்தும் நடத்தியதில்லை. மிச்சத்தைக் கேட்காமல் அங்கேயே நிறுத்தச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை. லாரிப் பாதைக்காகக் கொட்டகையைப் பிரித்துப் போட்டார்கள். தேசம்மா ஆபீஸ் ஆபீஸாக நடந்தாள். சங்கத்துக்குப் பதிவு இருக்கிறதா, இடத்துக்குப் பட்டா இருக்கிறதா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை. பெண்கள் மறுபடியும் பிள்ளைகளை அங்கே இங்கே விட்டுவிட்டுச் சந்தைக்குப் போனார்கள். மழைக்காலத்தில் ஒரு நாள் முனியம்மாவின் கடைசிப் பெண், கழிவுநீருக்காக வெட்டிய வாய்க்காலில் வழுக்கி விழுந்துவிட்டது. முகத்துவாரத்தில் வலை இழுத்தவர்கள்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அடக்கம் முடிந்ததும் பேச்சு கிளம்பியது. உள்ளே போயிருந்தால் அந்தப் பிள்ளை உயிரோடு இருந்திருக்கும். கம்பெனிக்காரன் கொடுத்ததை வேண்டாமென்று போய்ச் சொன்னது யார்? தேசம்மாதானே? பிள்ளை பெறாதவளுக்குப் பிள்ளை அருமை தெரியுமா?

தேசம்மா காதிலும் அது விழுந்தது. அவள் வீடு வீடாகப் போய்க் கூட்டத்துக்கு அழைத்தாள். நடு மணலில் உட்கார்ந்தாள். அன்றைக்கு வாயில் வெற்றிலை இல்லை.

"வூட்டுக்கு வூடு பேசாதீங்கோ. எம் மூஞ்சிக்கு நேரா பேசுங்கோ. நா கேட்டுக்கறேன்" என்றாள்.

பேசினார்கள். 'கொலகாரி' என்றுகூட ஒருத்தி சொன்னாள். ஓரத்தில் முனியம்மா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். எந்த நிமிஷமும் தேசம்மா தன்னைக் கை காட்டுவாள், முதலில் சொன்னவள் இவள்தான் என்று சொல்வாள் என்று காத்திருந்தாள். எப்படியோ அந்தக் கூச்சலில் எல்லோரும் அதை மறந்திருந்தார்கள், அல்லது பிள்ளையைப் பறிகொடுத்தவள் எதிரில் நினைக்கப் பயந்தார்கள். தேசம்மா ஒரே ஒரு முறை அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

எல்லோரும் ஓய்ந்த பிறகு தேசம்மா எழுந்து, ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் கேட்பதையே கேட்டாள்: "பேசாதவங்க யாராச்சும் கீறீங்களா?"

முனியம்மாவுக்கு வாய் திறக்கவில்லை.

"அப்ப சங்கம் முடிஞ்சுது" என்று தேசம்மா மணலைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் அவள் குடிசை பூட்டிக் கிடந்தது.

செபாஸ்டின் சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "ஒன்னாண்ட சொல்லச் சொன்னா மாமு. 'சாரு ஒரு தபா வந்து கூட்டம் போட்டாருன்னா நா சொல்லிருவேன். தனியா சொல்ல எனக்கு வாய் வரல. அவுரு சும்மா குந்திகினு இருந்தா போதும், சொல்லிருவேன்'னா."

5

மறுநாள் தொழிற்சாலை ஃபோர்மனிடம் விடுப்பு கேட்டேன்.

"யார் இறந்தது?" என்றார்.

"ஒரு குழந்தை."

அவர் முகம் மாறியது. "உன் குழந்தையா?"

"இல்லை."

"சொந்தக்காரர் குழந்தையா?"

"இல்லை."

"பிறகு எதற்கு இந்தியாவுக்குப் போகிறாய்?"

"ஒரு கூட்டம் இருக்கிறது" என்றேன். அதைத் தவிர அந்த மொழியில் எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

அன்று சாப்பாட்டு வேளையிலிருந்து என்னைச் 'சேர்மன்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் அந்தப் பெயர்தான். போனால் என் வேலையைப் பிடித்து வைக்க முடியாது என்று ஃபோர்மன் கடைசியில் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். போய்வரும் செலவும் எங்கள் கைக்கு எட்டுவதாக இல்லை. யாரிடமாவது கடன் கேட்டுப் பார்க்கலாம் என்று பிலோமினாவிடம் சொன்னேன்.

அவள் கோபிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"போங்க. நா தடுக்க மாட்டேன். அந்த முனிம்மாவ நெனச்சா எனக்கும்தான் தூக்கம் வரல. ஆனா உங்க வேல போச்சுன்னா நா இன்னொரு டூட்டியும் சேத்துப் பாக்கணும். ஜெசிய யாரு பாத்துக்கறது? புள்ளய வூட்ல தனியா வுட்டுட்டு..."

தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்துவிட்டது. இருவரும் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

6

கப்பல் புறப்படுவதற்கு முந்திய ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்து வந்து சாப்பிட்டோம். நான் செபாஸ்டினிடம் சொன்னேன்: "நான் வர முடியாதுடா. நீ நடத்து."

"நானா? மாமு, வெளாடறியா? பொம்பளைங்க கூட்டத்த நா போயி நடத்துறதா?"

"நானும் ஆம்பளதான். நான் சொல்லித் தர்றேன். முதல்ல தேசம்மாவத் தேடிப் புடி. அவங்க வர சம்மதிச்சா அந்தக் குப்பத்துப் பொம்பளைங்களக் கூட்டு. ஒரே ஒரு கேள்வி கேளு. அப்புறம் வாயத் தொறக்காத."

"எத்தினி நேரம்?"

"முனியம்மா பேசற வரைக்கும்."

"அவ பேசலன்னா?"

"பேசுவா."

"அழுதாங்கன்னா?"

"அழட்டும். கைக்குட்டைய எடுத்து நீட்டாத. தண்ணி குடிம்மான்னு சொல்லாத. அப்படிச் சொன்னா பேச்சு நின்னுடும்."

"இன்னா மாமு, இது மனுசன் செய்ற காரியமா?" என்றான்.

செய்து பார்க்காமல் வராது என்று தெரியும். பிலோமினாவை அழைத்து எதிரில் உட்கார வைத்தேன். நீதான் முனியம்மா என்றேன். அவளும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். செபாஸ்டின் கேள்வியைக் கேட்டான். கேட்ட வாய் மூடவில்லை, தானே பதிலும் சொல்ல ஆரம்பித்துவிட்டான். நான் நிறுத்தினேன். மறுபடியும் கேட்டான், மறுபடியும் பேசினான். எனக்குக் குரல் உயர்ந்தது. எழுந்து நடந்தேன். எப்படி உட்கார வேண்டும், கண்ணை எங்கே வைக்க வேண்டும், ஒருத்தி மூச்சை உள்ளே இழுப்பதை வைத்து அவள் பேசப் போகிறாள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கை காலெல்லாம் ஆட்டிச் சொல்லிக் கொடுத்தேன். இத்தனை வருஷமாக அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் வெளியே கொட்டியது. நடுவில் திரும்பியபோது ஜெசிந்தா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாகச் செபாஸ்டின் கேட்டான்: "முனிம்மா, ஒன் மனசுல கீறத சொல்லு." கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டான். இந்த முறை பேசவே இல்லை.

பிலோமினா மடியில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள். பிறகு மூச்சை இழுத்தாள்.

"எனக்கு இந்த ஊரு வாணாம்" என்றாள்.

அது முனியம்மாவின் வார்த்தை இல்லை, பிலோமினாவினுடையது. செபாஸ்டின் மிரண்டுபோய் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டும் என்று தெரிந்தது. பழக்கம் விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

7

குளிர் போய் வெயில் நாட்கள் வந்த பிறகுதான் செபாஸ்டினின் கப்பல் மறுபடி வந்தது. அதுவரை நான் பட்ட பாட்டை எழுதி என்ன பயன்? பெல்ட்டில் பிஸ்கட் ஓடும், என் கண்ணுக்குள் முகத்துவாரத்து மணலில் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் பேச மாட்டார்கள்.

அவன் வந்ததும் நான் எதையும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவனே ஆரம்பித்தான்.

"கண்டுபுட்சிட்டேன் மாமு. திருவொத்தியூர்ல கடலோரமா ஒரு சொந்தக்காரங்க வூட்ல கீறாங்க. கருவாடு காய வெக்கிற எடத்துல வேல. ரொம்ப எளச்சிப் பூட்டாங்க. யாராண்டயும் பேசறதில்லியாம். நா ஒன் பேரச் சொன்னப்புறம்தான் குந்தச் சொன்னாங்க. முனிம்மா சொன்னதயெல்லாம் சொன்னேன். கூட்டம் போடலாம், வாங்கன்னேன்."

"இன்னா சொன்னாங்க?"

"வாணாம்னுட்டாங்க."

பிலோமினா குழாயை மூடிவிட்டு வந்து நின்றாள்.

"'முனிம்மாவ வாயத் தொறக்கக் கூடாதுன்னு நா சொன்னதா சொல்லு'ன்னாங்க. 'அவ அந்தக் குப்பத்துல வாழணும். பெத்தவளுக்குப் புள்ள போனதே போதும். பழியும் அவ தலைல ஏறணுமா? அதான் நா எட்த்துகினு வந்துட்டன்ல. என்னோட கெடக்கட்டும்'னாங்க. எனக்குப் பொறுக்கல மாமு. 'இன்னாம்மா இது, நீங்க சொல்லாதத சொன்னதா ஊரே பேசுது, பொய்யி தான அது?'ன்னேன். 'பொய்யி இன்னா நைனா, அந்தக் கூட்டத்துக்குத் தலைவி நாந்தான?'ன்னாங்க."

பெங்களூரில் எனக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் தலைமை என்றால் என்ன என்று பலகையில் எழுதிப் போட்டார்கள். நானும் ஊர் ஊராகச் சொன்னேன். அதில் எங்கேயும் இது இல்லை. இருந்திருந்தால் தேசம்மாவை அந்த இடத்தில் உட்கார வைக்க எனக்குத் துணிச்சல் வந்திருக்காது.

"முனியம்மாகிட்ட சொன்னியா?" என்றாள் பிலோமினா.

"சொன்னேன்க்கா. வலை பிரிச்சிகினு இருந்தா. 'சரி'ன்னா. வேற ஒண்ணியும் சொல்லல. அப்பறம் நா எழுந்து வர வரைக்கும் பிரிச்சிகினேதான் இருந்தா."

அவ்வளவுதான் நடந்தது. கூட்டம் நடக்கவில்லை. இனி நடக்காது. குப்பத்தில் ஒருத்தி சொல்ல முடியாததை வைத்துக்கொண்டு இருக்கிறாள். திருவொற்றியூரில் ஒருத்தி சொல்லக் கூடாததை வைத்துக்கொண்டு இருக்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவே ரயிலில் கொஞ்ச தூரம்தான். நான் இருக்கும் இடம்தான் தூரம்.

செபாஸ்டின் தட்டில் கையை வைக்காமல் உட்கார்ந்திருந்தான். "இன்னொண்ணு கேட்டாங்க மாமு. ஒன்னப் பத்தி" என்றான்.

"என்னப் பத்தியா?"

"நா கெளம்பறப்போ வாசல் வரைக்கும் வந்தாங்க. 'சாரு நல்லா கீறாரா?'ன்னாங்க. கீறாருன்னேன். அப்பால, 'அந்த ஊர்ல அவுரப் பேச வுட்றாங்களா?'ன்னு கேட்டாங்க. எனக்கு இன்னா சொல்றதுன்னு தெரியல. கேட்டுகினு வந்து சொல்றேன்னுட்டேன். இன்னா சொல்லட்டும்?"

நான் மேசையைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் துணி காயப்போட்டுக்கொண்டே ஏதோ பாடிக்கொண்டிருந்தார். செபாஸ்டின் நான் சொல்லிக் கொடுத்தபடியே வாயை மூடிக்கொண்டு காத்திருந்தான்.

பிலோமினாதான் பதில் சொன்னாள். "வுட்றாங்கன்னு சொல்லுடா. நல்லா பேசறாருன்னு சொல்லு. அந்தம்மாவாவது நிம்மதியா இருக்கட்டும்."

"இல்ல" என்று மாடிப்படியிலிருந்து குரல் வந்தது.

மூவரும் திரும்பினோம். ஜெசிந்தா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்போதிலிருந்து நின்றாள் என்று தெரியவில்லை. அவள் முகம் சிவந்திருந்தது. வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள்.

"அம்மா, பொய் சொல்லாத. டாடி பேசறதே இல்ல."

அவள் தமிழில் பேசி நான் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன.